தேய்ந்த படிகளும் ஒரு தலைப்பும்

1

என் முன்னால் இருப்பது ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் படம். புகைப்படக் கலையின் சரித்திரம் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில், தபால் கார்டை விடச் சற்றுச் சிறிய அளவில் அச்சாகியிருக்கிறது. நடைபாதைக் கடையில் புத்தகத்தை வாங்கியபோது இந்தப் பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது. மடித்தவர் யாரென்று தெரியாது. அவராலும் இந்தப் படத்தைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை போலும்.

படத்தில் மனிதர்கள் இல்லை. ஒரு தேவாலயத்தின் உட்புறம் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. ஆனால் சிலுவையோ பீடமோ மெழுகுவர்த்தியோ இல்லை. இருப்பவை கல் படிகள். சட்டத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டு தொடங்கும் படிகள் மேலேறுகின்றன. பாதி வழியில் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பிரிவு வலப்பக்கம் விசிறி போல் விரிந்து வளைந்து அங்கிருக்கும் வாசலை நோக்கிப் போகிறது. மற்றது நேராக மேலே ஏறி, தூரத்தில் இன்னொரு வாசலில் முடிகிறது. படிகளின் விளிம்புகள் நேர்கோடுகளாக இல்லை. குழிந்தும் நெளிந்தும் கிடக்கின்றன. ஒளி அந்தக் குழிவுகளில் தேங்கி வழிகிறது. முதல் பார்வைக்குக் கல் என்றே தோன்றாது. துணி என்று தோன்றும், அல்லது தண்ணீர் என்று.

அடிக்குறிப்பு இவ்வளவுதான்: பிரெடரிக் எச். எவன்ஸ், 'படிகளின் கடல்', வெல்ஸ் கதீட்ரல், 1903.

இந்தப் படத்தை நண்பர்கள் இருவரிடம் காட்டினேன். ஒருவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்குத்தான் இருக்கிறது" என்றார். மற்றவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆளில்லாத மாதா கோயில். யார் கட்டினான், யார் காசு, ஒன்றும் தெரியவில்லை. அழகு என்கிற பெயரில் சரித்திரத்தைத் துடைத்து வைத்திருக்கிறான்" என்றார். இந்த இரண்டு குரல்களும் நமக்குப் புதியவை அல்ல. கவிதையைப் பற்றியும் கதையைப் பற்றியும் நம் பத்திரிகைகளில் இவை இரண்டும் பல வருஷங்களாக மோதிக்கொண்டிருக்கின்றன. உருவம் என்று ஒரு கட்சி, உள்ளடக்கம் என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சி என்பதை எட்டு வருஷங்களுக்கு முன் எழுத்திலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது, படைப்பின் எல்லைக்கு வெளியே விமர்சகனுக்கு வேலை இல்லை என்று எழுதினேன். இந்தச் சிறிய படம் அந்த வாக்கியத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டது. அது எப்படி என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2

எவன்ஸ் 1853ல் பிறந்தவர். லண்டனில் சீப்ஸைட் பகுதியில், க்வீன் தெருவில், புத்தகக் கடை வைத்திருந்தவர். வெறும் வியாபாரி அல்ல. ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஆப்ரி பியர்ட்ஸ்லி என்ற இளைஞன் மதிய இடைவேளைகளில் அந்தக் கடைக்கு வந்து புத்தகங்களைப் புரட்டுவான். அவனுடைய கோட்டோவியங்களை டென்ட் என்ற பதிப்பாளருக்கு அறிமுகம் செய்து, அவனுக்கு முதல் பெரிய வேலையை வாங்கித் தந்தவர் எவன்ஸ். பெர்னார்ட் ஷா அவருடைய நண்பர். 1898ல், நாற்பத்தைந்து வயதில், கடையை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு முழுமையாக வந்தார்.

அதற்கு முன்பே அவர் கேமராவைக் கையாண்டிருந்தார். முதலில் அவர் எடுத்தவை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்த மிக நுண்ணிய சிப்பிகள். 1887ல் அந்தப் படங்களுக்காக ஒரு புகைப்படச் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது. இந்தத் தகவலைப் படித்த பிறகு வெல்ஸ் படிக்கட்டின் வலப்புற வளைவைப் பார்த்தால், சிப்பியின் சுருள் நினைவுக்கு வராமல் போகாது. கண்ணுக்கே தெரியாத ஒரு ஜந்துவின் ஓட்டில் பழகிய கண், நூற்றாண்டுகளின் கட்டடத்தில் அதே வளைவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது.

அன்றைய புகைப்பட உலகத்தில் அவருடைய நிலை விசேஷமானது. புகைப்படமும் கலைதான் என்று நிரூபிக்க விரும்பியவர்கள், அது ஓவியம் போல் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பசை பூசி, தூரிகையால் தடவி, விவரங்களை மங்கவைத்து, பனிமூட்டம் சேர்த்தார்கள். இப்படிப்பட்டவர்கள் பலர் இருந்த 'லிங்க்ட் ரிங்' என்ற குழுவில் 1900ல் எவன்ஸும் சேர்க்கப்பட்டார். ஆனால் அவர் நெகடிவில் கை வைப்பதை மறுத்தார். எடுக்க வேண்டியதை எடுப்பதற்கு முன்பே தீர்மானி, எடுத்த பிறகு திருத்தாதே என்பது அவருடைய கொள்கை. ஒரு கதீட்ரலுக்குப் போனால் நாள்கணக்கில் தங்கி, எந்த ஜன்னல் எந்த நேரத்தில் எந்தக் கல்லுக்கு ஒளி தருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். தரையை மறைக்கும் நாற்காலிகளை அகற்றித் தரும்படி கோயில் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வார். ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய 'கேமரா வொர்க்' பத்திரிகை, 1903 அக்டோபரில் வந்த தன் நான்காவது இதழில் எவன்ஸை முன்னிறுத்தியது. அவரைப் பற்றிய பாராட்டுரையை எழுதியவர் ஷா.

நாற்காலிகளை அகற்றச் சொன்னவர், நெகடிவைத் திருத்தாதவர். இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் இரண்டாவது நண்பர் சொன்ன 'துடைத்து வைத்தல்' முதல் காரியத்தில் இருக்கிறது. அதற்கான பதில் இரண்டாவதில் இருக்கிறது.

3

இனி படத்தை விட்டுக் கட்டடத்துக்குப் போகிறேன். எட்டு வருஷங்களுக்கு முன்னால் போயிருக்க மாட்டேன்.

வெல்ஸ், இங்கிலாந்தின் தென்மேற்கில் ஸாமர்ஸெட் பிரதேசத்தில் உள்ள ஒரு சிறிய ஊர். இப்போதுள்ள கதீட்ரலைக் கட்டும் வேலை 1170களில் தொடங்கியது. இந்தக் கோயிலைச் சேர்ந்த குருமார்கள் மடத்துத் துறவிகள் அல்லர். கேனன்கள் என்று பெயர். ஒவ்வொரு கேனனுக்கும் ஓர் இருக்கை. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு மானியம். பல இருக்கைகளுக்கு அவற்றுக்கு வருமானம் தந்த கிராமங்களின் பெயர்களே பெயர்கள். கூம் என்ற ஒரே ஊரின் பெயரில் மட்டும் பதினைந்து இருக்கைகள் உண்டு. கேனன்கள் கூடி நிர்வாக விஷயங்களைப் பேசுவதற்கான மண்டபம்தான் சாப்டர் ஹவுஸ். வெல்ஸில் இது எண்கோண வடிவமானது. நடுவில் ஒற்றைத் தூண். தூணின் தலையிலிருந்து முப்பத்திரண்டு கல் விலாக்கள் பனை மட்டைகள் போல் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. சுவரைச் சுற்றி ஐம்பத்தொரு இருக்கைகள். 1306 வாக்கில் முடிந்த வேலை.

ஸால்ஸ்பரி, லிங்கன், யார்க் போன்ற இடங்களில் இத்தகைய மண்டபங்கள் தரை மட்டத்தில் இருக்கின்றன. நேரே நடந்து உள்ளே போய்விடலாம். வெல்ஸில் மண்டபம் மாடியில் இருக்கிறது. காரணம், அதற்குக் கீழே தரை மட்டத்தில் இன்னோர் அறை இருக்கிறது. கனத்த சுவர்கள், குட்டையான பருத்த தூண்கள், குறுகிய ஜன்னல்கள், பெரிய தாழ்கள் போட்ட கதவு. கோயிலின் விலைமதிப்புள்ள பொருட்களை வைத்துப் பூட்டுவதற்காகக் கட்டப்பட்ட அறை அது. மண்டபம் இந்தப் பெட்டகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒரு படிக்கட்டு தேவைப்பட்டது. எவன்ஸ் படம் எடுத்த படிக்கட்டு அதுதான்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். கீழே ஸ்ட்ராங் ரூம், மேலே கூட்டம் நடக்கும் அறை, நடுவில் ஒரு படிக்கட்டு என்கிற அமைப்பு எனக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. தினமும் காலையில் இரண்டு சாவிகளோடு இரண்டு பேர் இறங்கிப் போவதைப் பார்க்கிறேன். ஆங்கில இலக்கியம் படித்தபோது கதீட்ரல் என்றால் எனக்கு ஒரு மேலான மௌனம், ஒரு கோதிக் இருட்டு. அந்தப் பிம்பத்தை இந்தத் தகவல் ஒரே அடியில் உடைத்தது. உடைந்ததும் படம் மட்டமாகிவிடவில்லை, எனக்கு நெருக்கமாகிவிட்டது.

படிக்கட்டின் இரண்டாவது கிளையின் கதை வேறு. கேனன்களில் பலர் வெல்ஸில் குடியிருக்கவில்லை. ஆனால் கோயிலில் தினமும் பல வேளைகள் வழிபாடு உண்டு. அதைப் பாடியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கேனனுக்கும் பதிலாகப் பாடுவதற்கு ஓர் ஆள். அவர்களுக்கு விகார்கள் என்று பெயர். அந்தச் சொல்லுக்கே லத்தீனில் 'பதிலாள்' என்றுதான் அர்த்தம். மானியம் ஒருவருக்கு, தொண்டை இன்னொருவருக்கு. இந்தப் பதிலாள்கள் ஊருக்குள் சிதறிக் குடியிருந்து கெட்டுப் போகக் கூடாது என்று, 1348ல் ரால்ஃப் என்ற பிஷப் அவர்களுக்கென்று ஒரு கூடமும் குடியிருப்பும் ஏற்படுத்தினார். கோயிலின் வடக்கே, சாலைக்கு அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது அந்தத் தெரு. நூறு வருஷங்களுக்குப் பிறகு, 1459-60ல், பெக்கிங்டன் என்ற பிஷப்பின் காலத்தில், சாலைக்கு மேலாக ஒரு பாலம் கட்டினார்கள். கோயிலின் படிக்கட்டை மேலே நீட்டி அந்தப் பாலத்தோடு சேர்த்தார்கள். இதன் பிறகு விகார்கள் தங்கள் கூடத்திலிருந்து கோயிலுக்கு, தெருவில் கால் வைக்காமல், மழையில் நனையாமல், ஊர்க்காரர் எவர் முகத்தையும் பார்க்காமல் வந்து போகலாம். அது சௌகரியம். அதுவே கண்காணிப்பு.

இப்போது படத்துக்குத் திரும்பலாம். வலப்பக்கம் வளைந்து போகும் படிகள் கேனன்களின் மண்டபத்துக்குப் போகின்றன. நேராக மேலேறும் படிகள் பதிலாள்களின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகின்றன. முன்னதற்கும் பின்னதற்கும் ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. கண்ணுக்கு ஒரே அசைவாகத் தெரிவது இரண்டு காலங்கள்; இரண்டு வகை மனிதர்கள்; இரண்டு சம்பளங்கள். கீழ்ப்பகுதிப் படிகளை மட்டும் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். பிரிய வேண்டிய இடம் வந்ததும் பிரிந்தார்கள். அந்த இடத்தைத்தான் எவன்ஸ் சட்டத்தின் நடுவில் வைத்திருக்கிறார். அவர் அதை எதற்காகச் செய்தார் என்பது வேறு விஷயம். அங்கே வைத்திருக்கிறார்.

4

எவன்ஸ் எதற்காகச் செய்தார் என்பதற்கு அவருடைய சொந்தச் சாட்சியம் இருக்கிறது. வலப்புற வளைவு ஒரு பேரலை எழும்புவது போலவும், அது உடைந்து, படத்தின் மேல்பகுதியில் தெரியும் சிற்றலைகளாக அடங்கப்போவது போலவும் தனக்குத் தோன்றியதாக அவர் எழுதியிருக்கிறார். தலைப்பும் அதையே சொல்கிறது. கடல்.

தலைப்பில்தான் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. கடல் அலையை யாரும் செய்வதில்லை. அதற்குக் காற்று போதும். படியில் விழுந்த குழி அப்படிப்பட்டதல்ல. அதை ஒவ்வொரு தடவையும் ஒரு கால் செய்திருக்கிறது. அந்தக் காலுக்கு மேலே ஓர் ஆள் இருந்திருக்கிறான். அவனுக்குப் போக வேண்டிய இடமும் நேரமும் இருந்திருக்கின்றன. மண்டபத்தில் ஏதோ ஒரு குத்தகை பற்றி முடிவெடுக்கப் போகிறவன், விடியற்காலையில் தூக்கம் கலையாமல் பாடப் போகிறவன், தாமதமாக வந்ததற்குக் கண்டனம் கேட்கப் போகிறவன். இவ்வளவு பேரின் போக்குவரத்தையும் 'கடல்' என்று அழைத்தால், மனிதர்கள் செய்தது இயற்கையின் காரியமாகிவிடுகிறது. எல்லாம் தானாக நிகழ்ந்துவிட்டது, பாருங்கள் என்ன லயம் என்று சொல்வது போல.

உவமையை நான் சந்தேகிக்கும் இடம் இதுதான். நம் கவிதைகளிலும் இந்தக் காரியம் நடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் நதியாகிறது. வேலைநிறுத்தம் புயலாகிறது. வயதான பெண்ணின் கை மரத்தின் வேராகிறது. உவமை பொருந்துகிறது, பொருந்துகிற அந்தக் கணத்திலேயே அந்தக் கை என்ன வேலை செய்து அப்படி ஆயிற்று என்ற கேள்வி விழுந்துவிடுகிறது. உவமை தவறென்று சொல்லவில்லை. அது எதை வாங்கிக்கொண்டு எதைக் கொடுக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் எவன்ஸ் விஷயத்தில் கணக்கு இதோடு முடியவில்லை. தலைப்பு மறைக்கிறதைப் படம் மறைக்கவில்லை. கடல்தான் வேண்டும் என்றால், பசை பூசித் தூரிகையால் தடவுகிறவர்களின் வழி திறந்தே இருந்தது. படிகளின் விளிம்புகளை மங்கலாக்கியிருந்தால், அந்தக் கல்லை உண்மையாகவே தண்ணீராக்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு படியின் குழிவும் அதனதன் அளவில், அதனதன் இடத்தில் இருக்கிறது. நடுவில் ஆழம், சுவரோரத்தில் கல் ஏறத்தாழ முழுசாக. மனிதர்கள் எந்தத் தடத்தில் நடந்தார்கள், எந்த ஓரத்தை ஒதுக்கினார்கள் என்பதைப் படத்தில் விரல் வைத்துத் தொடரலாம். திருத்த மறுத்த ஒரு கைத்தொழில் ஒழுக்கம், தொழிலாளியின் சொந்தக் கற்பனைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. கலைஞனின் தரிசனத்தை விட அவனுடைய தொழில் சுத்தம் அதிகம் பேசுகிற இடங்கள் உண்டு. இது அத்தகைய ஓர் இடம்.

5

தேய்ந்த படி அப்படியே இருந்தது என்பதும் தானாக நடந்ததல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கும்' வேகம் பலமாக இருந்தது. தேய்ந்த கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் வைப்பது, பிற்காலத்துச் சேர்க்கைகளை நீக்கிவிட்டு, ஆதியில் இருந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட தூய வடிவத்தைக் கட்டுவது என்று எங்கும் வேலை நடந்தது. வெல்ஸிலும் 1840களில் உட்சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சைப் பெரிய அளவில் சுரண்டி எடுத்தார்கள். இந்தப் போக்கை எதிர்த்து ரஸ்கின் 1849லேயே எழுதினார். பழுதுபார்த்துக் காப்பாற்றுவது வேறு, புதுப்பிப்பது என்பது அழிவின் வேறு பெயர் என்பது அவர் வாதம். வில்லியம் மாரிஸ் 1877ல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டலுக்கு எதிர்ப்பு என்பதே அதன் செல்லப் பெயர். மாரிஸ் சோஷலிஸ்ட். பழைய கல்லில் கொத்தனுடைய கையின் தடமும் அதைப் புழங்கியவர்களின் தடமும் இருக்கின்றன, அவற்றைச் செதுக்கி எடுக்க இந்தத் தலைமுறைக்கு உரிமை கிடையாது என்பது அவருக்கு அழகியல் மட்டுமல்ல, அரசியலும்கூட.

எவன்ஸ் மாரிஸை அறிந்தவர். 1896ல், மாரிஸ் இறந்த அதே வருஷத்தில், அவருடைய கெல்ம்ஸ்காட் வீட்டைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் புகழ்பெற்றது வரவேற்பறையோ புத்தக அலமாரியோ அல்ல, பரண். பழைய உத்தரங்களும் வெளிச்சமும் மட்டும். ஆகவே 1903ல் வெல்ஸ் படிக்கட்டின் அடியில் முக்காலியை நிறுத்தியபோது, தேய்மானத்தைப் பற்றி அவருக்கு ஒரு பார்வை இல்லாமல் இருந்திருக்காது. புதிதாகச் செப்பனிட்ட ஒரு படிக்கட்டில் அவர் நேரத்தைச் செலவழித்திருக்க மாட்டார்.

இங்கே ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். ஒரு கட்டடக் கலைஞன், நேற்று, இதே வளைவுகளோடு, இதே குழிவுகளோடு, புதுக் கல்லில் ஒரு படிக்கட்டைச் செதுக்கி வைத்தான் என்று வைத்துக்கொள்வோம். அதை இதே ஒளியில், இதே கோணத்தில் ஒருவர் படமெடுக்கிறார். இரண்டு படங்களுக்கும் ஒரு கோடு கூட வித்தியாசம் இருக்காது. உருவம் ஒன்றே. இரண்டும் ஒரே படமா? அல்ல என்று என் உடம்பு சொல்கிறது. ஒன்றில் குழி என்பது இல்லாமல் போன கல். கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் ஒட்டிப் போன கல். மற்றதில் குழி ஓர் அலங்காரம். எட்டு வருஷங்களுக்கு முன் நான் எழுதிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை என்னால் சொல்ல முடியாது. அப்படியானால் அந்த வாக்கியம் போதாது.

அதே சமயம் என் இரண்டாவது நண்பருக்கும் இது வெற்றியல்ல. வெல்ஸின் மானியங்களையும் விகார்களின் கூடத்தையும் பற்றி இந்தப் படத்தைப் பார்க்காமலே ஒருவர் எழுதிவிடலாம். எழுதப்பட்டும் இருக்கின்றன. அந்தப் புத்தகங்களில் கேனன்கள் இருக்கிறார்கள், பிஷப்புகள் இருக்கிறார்கள், வருஷங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு சாதாரண நாளின் நடை அவற்றில் இல்லை. அது ஆவணமாவதில்லை; யாரும் அதைக் குறித்து வைப்பதில்லை. அது பதிவான இடம் படியின் விளிம்பு. அந்த விளிம்பை இவ்வளவு பொறுமையாக ஒருவன் பார்த்திருக்காவிட்டால், சரித்திரக்காரனுக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. உருவத்தை உற்றுப் பார்த்ததால் கிடைத்த சரித்திரம் இது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதல்ல.

6

படம் ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி மீதமிருக்கிறது.

காலியாக்கினார் என்பது பாதி பதில். அன்றைய தகடுகளின் வேகத்தில், கோயிலின் உள்வெளிச்சத்தில், மிகச் சிறிய துவாரத்தின் வழியே ஒரு படம் பதிவாக நிமிஷக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் லென்ஸ் திறந்திருக்கும்போது குறுக்கே ஒருவர் நடந்து போனால் அவர் பதிவாக மாட்டார். நின்றால்தான் பதிவாவார். நடப்பவனை அந்தக் கேமராவால் பார்க்க முடியாது.

ஆனால் படியின் கல் அவனைப் பார்த்திருக்கிறது. கேமராவின் தகட்டை விட மிக மெதுவான தகடு அது. ஒருவன் ஒரு முறை ஏறினால் அதில் ஒன்றும் தெரியாது. அறுநூறு வருஷங்கள் ஏறினால் தெரியும். அது நின்றவர்களைப் பதிவு செய்வதில்லை, நடந்தவர்களை மட்டுமே பதிவு செய்கிறது. பேரைக் குறிப்பதில்லை. கேனனின் செருப்புக்கும் விகாரின் செருப்புக்கும் அதனிடம் வித்தியாசம் கிடையாது. எந்த வாசலுக்கு எத்தனை கால்கள் என்கிற ஒன்றை மட்டும் அது எழுதி வைத்திருக்கிறது. எவன்ஸின் மெதுவான தகடு, அதைவிட மெதுவான ஒரு தகட்டைப் படமெடுத்தது. அதனால் மனிதர்களே இல்லாத அந்தச் சட்டத்துக்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்து வந்தார்களா என்பது எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை.

இதே கதீட்ரலில், இந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள வடக்குக் கூடத்தில், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஒரு கடிகார முகப்பு இருக்கிறது. கால் மணிக்கு ஒரு முறை மர பொம்மைக் குதிரை வீரர்கள் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வீரன் அடிபட்டு வீழ்கிறான். பயணிகள் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். கோயிலுக்குள் காலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் அந்தக் கடிகாரத்தைத்தான் காட்டுவார்கள். எவன்ஸ் தன் கேமராவைப் படிக்கட்டின் பக்கம் திருப்பினார்.

கடைசியாக அந்தக் காகிதத்தைப் பற்றி. எவன்ஸின் அசல் பிரிண்ட் ஏறத்தாழ ஒன்பது அங்குலத்துக்கு ஏழரை அங்குலம். பிளாட்டினத்தில் அச்சிடப்பட்டது. சாதாரண வெள்ளி பிரிண்டில் பிம்பம் ஜெலட்டின் பூச்சில் இருக்கும், பளபளக்கும். பிளாட்டினத்தில் உலோகம் காகித நாருக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடுகிறது. பளபளப்பு கிடையாது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை நடுவில் எண்ணற்ற சாம்பல்கள் கிடைக்கும். குழிந்த ஒரு படியில் எங்கே நிழல் தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் தொடங்குகிற அந்த மென்மை இந்தச் சாம்பல்களால் வருவது. முதல் உலக யுத்தத்தில் பிளாட்டினம் வெடிமருந்துத் தயாரிப்புக்கான அமிலம் செய்யத் தேவைப்பட்டது. விலை ஏறியது, காகிதம் கிடைக்காமல் போயிற்று. எவன்ஸ் வேறு காகிதத்துக்கு மாறச் சம்மதிக்கவில்லை. புகைப்படம் எடுப்பதையே ஏறத்தாழ நிறுத்திவிட்டார். அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்து 1943ல், தொண்ணூறு வயது நிறைய இரண்டு நாட்கள் இருக்கும்போது, இறந்தார்.

என்னிடம் இருப்பது அந்தச் சாம்பல்களில் பாதியைத் தொலைத்துவிட்ட ஒரு மட்டமான அச்சு. இன்று அருங்காட்சியகங்களின் கணினிப் பக்கங்களில் அசலைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது, பார்த்தேன். குழிவுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது புத்தகத்தில் உள்ள சிறிய படத்தைத்தான். அதில் விரல் வைத்து, கீழே பொதுப் படியில் தொடங்கி, பிரியும் இடம் வரை வருகிறேன். அங்கிருந்து வலப்பக்கம் போவதற்கு எனக்கு வேலை இல்லை. நேரே மேலே, பதிலாள்களின் வாசலை நோக்கி விரல் போகிறது.

மேனேஜருக்காக என்று எழுதி அடியில் கையெழுத்துப் போடும் காகிதங்கள் என் மேஜையில் தினமும் வருகின்றன. அதனால் இருக்கலாம்.